முறிந்த பென் டிரைவில் அறுபத்திரண்டு பேர்

அத்தியாயம் 5

காலை ஒன்பதே காலுக்கு அந்த நர்ஸ் படியேறி வந்தபோது, டீச்சர் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். ஆறிப்போனது அவருக்குத் தெரியவில்லை. கணவர் இறந்த இந்த நான்கு மாதத்தில் சூடு, ருசி, கிழமை எதுவும் அவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.

டீச்சர் இருபது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். காணாமல் போன கேள்வித்தாள் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் ஆரம்பித்து, இப்போது மாடியில் ஓர் அறை, ஒரு பெயர்ப்பலகை, ஓர் உதவியாளன் என்று ஆகிவிட்டது. உதவியாளனை எல்லோரும் பஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வருடம் டயர் கடை வைத்திருந்தவன். யாராவது பெருமையடித்தால் உடனே காற்றை இறக்கிவிடுவான் என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம்.

"உக்காருங்க சிஸ்டர். நர்ஸே துப்பறியற ஆளைத் தேடி வந்தா, நோய் கொஞ்சம் பெருசுதான்" என்றான் பஞ்சர்.

நர்ஸ் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பென் டிரைவ் உடைஞ்சு போச்சு. யார் உடைச்சாங்கன்னு தெரியணும்."

"எங்க தெருவுலயே புதுசு கிடைக்குமே..." என்று ஆரம்பித்த பஞ்சர், டீச்சர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"அதுல என்ன இருக்கு?" என்றார் டீச்சர்.

"அறுபத்திரண்டு பேர் இருக்காங்க மேடம்."

அவள் சொன்னதெல்லாம் மருந்துச் சீட்டைப் படிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி எடுக்கும் ஃபேக்டரி. அங்கே முதலுதவி அறையில் அவள் ஒருத்திதான் நர்ஸ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடத்தும். முடிவு வருவதற்கு முன்பே ரிஜிஸ்டரில் எல்லோருக்கும் 'நார்மல்' என்று எழுதச் சொல்லிவிடுவார்கள்.

"ரத்தத்துல ஈயம் பத்துக்குள்ள இருக்கணும். அங்க ஒருத்தருக்கும் பத்துக்குள்ள இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானே எடுத்தேன். நாலு மாசமா, ஷிஃப்ட் முடிஞ்சு போறப்ப ஒவ்வொருத்தரா வீட்டுக்கு வரச் சொல்லி எடுத்து, வெளிய ஒரு லேப்ல குடுத்தேன். பேரு, பிரிவு, வீட்டு அட்ரஸ், ஈயம் எவ்வளவு... எல்லாம் அதுலதான் இருக்கு."

அந்தப் பட்டியலில் ஒரு பெயர் வெளியே தெரிந்தாலும் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. போன வருடம் எடை போடும் பிரிவில் ஒருவர் வெளி டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி வந்தார். அந்த வாரமே அவர் இடத்தில் வேறு ஆள் நின்றான். அதனால் நர்ஸ் ஒவ்வொருவர் கையிலும் ஊசி குத்தும்போது ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருந்தாள். உங்க பேரு என் கையைவிட்டுப் போகாது.

நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு அரசாங்க டாக்டர்கள் சோதனைக்கு வருகிறார்கள். பட்டியலைத் தலைமை டாக்டரின் கையில் நேரே கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

"வேற காப்பி?"

"இல்ல. வீட்டு லேப்டாப்புல இருந்தா யாராவது பாத்துடுவாங்கன்னு அழிச்சுட்டேன். லேப் பேப்பரையும் கிழிச்சுட்டேன். லேப்காரங்க ஒரு மாசத்துக்கு மேல எதையும் வெச்சுக்க மாட்டாங்க."

"பாஸ்வேர்டு போட்டு வெச்சிருந்தீங்களா?"

"அதெல்லாம் எனக்குப் போடத் தெரியாது மேடம்."

டீச்சர் கோபிக்கவில்லை. "எங்க வெச்சிருந்தீங்க? எப்ப பாத்தீங்க?"

"முதலுதவி ரூம்ல, பஞ்சு டப்பாவுக்குள்ள, அடியில. நேத்து மதியம் சாப்பிட்டுட்டு வந்தா டப்பா திறந்து கிடக்கு. பென் டிரைவ் உள்ளேயேதான் இருந்துச்சு, கழுத்து முறிஞ்சு. கம்ப்யூட்டர்ல சொருகுற தகடு தனியாத் தொங்குது."

"இப்ப எங்க இருக்கு?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன். ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்ல இருக்கற செல் கடையில."

பஞ்சர் பேனாவைக் கீழே வைத்தான். "கசாப்புக் கடையில கோழிக்கு வைத்தியம் பாக்கக் குடுத்திருக்கீங்க சிஸ்டர்."

"நேத்து எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

டீச்சர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "யார் உடைச்சாங்கங்கறது அப்புறம். இப்ப அது யார் கையில இருக்குங்கறதுதான் முதல் கேள்வி."

படியிறங்கும்போது நர்ஸ் கேட்டாள். "உடைஞ்சா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்தானே மேடம்?"

"போகாது. தகடு முறிஞ்சா சொருக முடியாது, அவ்வளவுதான். எல்லாம் உள்ளே ஒரு சின்ன சில்லுல பத்திரமா இருக்கும். வேலை தெரிஞ்சவன் பத்தே நிமிஷத்துல ஒட்டிப் படிச்சுடுவான்."

நர்ஸ் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படியில் நின்றாள். பிறகு வேகமாக இறங்கினாள்.

செல் கடை இரண்டு பேர் அகலம்தான். நர்ஸைப் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு, அவள் கொடுத்த ரசீதோடு டீச்சரும் பஞ்சரும் கடைக்குள் நுழைந்தார்கள். கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு செல்போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். ரசீதைப் பார்த்ததும் படத்தை நிறுத்தினார்.

"காலைல இதையேதான் இன்னொருத்தரும் கேட்டாரு."

"யாரு?"

"ஃபேக்டரி சூப்பர்வைசர். நர்ஸம்மா ரோட்டைத் தாண்டி இங்க வந்ததை வாட்ச்மேன் பாத்துச் சொல்லியிருக்கான். ரிப்பேருக்கு என்ன குடுத்தாங்க, எடுத்து வை, பதினொன்றரைக்கு வரேன்னாரு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து.

"நீங்க உள்ள என்ன இருக்குன்னு பாத்தீங்களா?"

"எங்கங்க நேரம்?" என்று அவர் ஓர் இழுப்பறையைத் திறந்து, சார்ஜர்களுக்கும் ஒயர்களுக்கும் நடுவே துழாவினார். வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. நர்ஸ் சுற்றிய பிளாஸ்டர். பிரிக்க வசதியாக அதன் முனை முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது. அந்த மடிப்பு கலையவே இல்லை.

பஞ்சர் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, நீங்க சுறுசுறுப்பான ஆளா இருந்திருந்தா இன்னிக்குப் பல பேர் குடும்பம் தெருவுல நின்னிருக்கும். தயவுசெஞ்சு இப்படியே இருங்க."

"என்னங்க சொல்றாரு இவரு?" என்று கடைக்காரர் டீச்சரைப் பார்த்தார்.

"ஃபேக்டரி ஆளுங்க உங்க கடைக்கு வருவாங்களா?"

"அவங்கதானே என் கடையே."

"அப்ப அவங்களுக்காகச் சொல்றேன். இதை எங்ககிட்ட குடுத்துடுங்க. உள்ள என்னன்னு கேக்காதீங்க."

கடைக்காரர் கேட்டைப் பார்த்தார். சாம்பல் நிறத் தூசி கேட்டின் மேலும், வெளியே நின்ற சைக்கிள்களின் மேலும் ஒரே மாதிரிப் படிந்திருந்தது. பொட்டலத்தை டீச்சர் பக்கம் தள்ளினார். "சரி. ஆனா அவரு வந்து நின்னா நான் வெறுங்கையைக் காட்ட முடியாதுங்க. இந்தக் கடை கம்பெனி இடத்துல இருக்கு."

பஞ்சர் பெருமூச்சு விட்டான். சாவிக்கொத்திலிருந்து தன் கறுப்புப் பென் டிரைவைக் கழற்றினான்.

"என் கல்யாண வீடியோ டீச்சர். எட்டு மணி நேரம்."

மேஜை விளிம்பில் வைத்து ஒரே அழுத்து. கழுத்து முறிந்தது. கடைக்காரர் அதை ஒரு காகித உறைக்குள் போட்டு, மேலே நர்ஸின் ரசீது எண்ணை எழுதினார்.

"உன் மனைவி கேட்டா?" என்றார் டீச்சர்.

"கேஸ்ல சாட்சியாப் போயிருக்குன்னு சொல்வேன். ஒரு தடவைகூட அவ அதை முழுசாப் பாத்ததில்ல."

பதினொன்றரைக்குப் பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில் மூவரும் நின்று பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட சூப்பர்வைசர் ரோட்டைத் தாண்டி வந்தார். கடைக்காரர் உறையைக் கொடுத்தார். சூப்பர்வைசர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"ஒட்டித் திறந்தா முதல்ல எங்க மாமனார் வருவாரு. பாவம்தான்" என்றான் பஞ்சர்.

"இவர்தான் உடைச்சிருக்காரு" என்றாள் நர்ஸ். அதில் ஆச்சரியமோ கோபமோ இல்லை. செல்போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். முதலுதவி அறையில் ஒரு பதிவேடு உண்டு. பஞ்சோ மாத்திரையோ எடுப்பவர்கள் பெயரையும் நேரத்தையும் எழுதிவைக்க வேண்டும். நேற்று அவள் சாப்பிடப் போயிருந்த ஒரு மணி நேரத்தில் ஒரே பதிவு. ஒன்று பத்து, சூப்பர்வைசர், தலைவலி மாத்திரை.

டீச்சர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இவர் இல்ல சிஸ்டர். இது வேணும்னு அலையற ஆள் இவர். கையில கிடைச்சிருந்தா உடைச்சு டப்பாவுலயே வெச்சுட்டுப் போவாரா? பையில போட்டுக்கிட்டுப் போயிருப்பாரு. இன்னிக்கு செல் கடை வாசல்ல வந்து நிக்கறாருன்னா, நேத்து இது அவர் கண்ணுல படவே இல்ல."

"அப்ப நேத்து அவருக்கு வந்தது நிஜத் தலைவலிதான்" என்றான் பஞ்சர்.

"அப்ப யாரு மேடம்?"

"இதை யாருமே படிக்கக் கூடாதுன்னு நெனைச்ச ஆள்."

நர்ஸ் சற்று நேரம் எதிரே இருந்த கேட்டையே பார்த்தாள். "அப்படி நெனைக்கறவங்க அறுபத்திரண்டு பேர் இருக்காங்களே" என்றாள்.

அலுவலகத்துக்கு வந்ததும் டீச்சர் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன் மேல் பிளாஸ்டரைப் பிரித்தார். கறுப்பு உடல், முறிந்து தொங்கும் தகடு. தகட்டின் பிய்ந்த விளிம்பு கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விளிம்பிலும் உடலின் ஒரு பக்கம் முழுவதிலும் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. தாளில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இது என்ன?"

"டிங்சரா இருக்கும் மேடம். பஞ்சு டப்பா பக்கத்துலதான் டிங்சர் பாட்டில் இருக்கும். நேத்துத் தரையிலயும் நாலு சொட்டு இருந்துச்சு, துடைச்சேன்."

"பாட்டில் கவிழ்ந்திருந்துச்சா?"

"இல்ல..."

"நல்லாப் பாருங்க. நேத்து இருந்த பதற்றத்துல பாக்காதீங்க, இப்ப நர்ஸாப் பாருங்க."

நர்ஸ் குனிந்தாள். நகத்தால் ஒரு துணுக்கைச் சுரண்டினாள். நிமிர்ந்தபோது முகம் மாறவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"ரத்தம்."

"எவ்வளவு ஆழமாக் கிழிச்சிருக்கும்?"

"நல்லாவே. தரை வரைக்கும் சொட்டியிருக்குன்னா கட்டை விரலைப் பதம் பாத்திருக்கும்."

டீச்சர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்பது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "விரல் கிழிஞ்சு ரத்தம் சொட்டுது. நிக்கறது முதலுதவி ரூம்ல. கையில இருக்கறது பஞ்சு டப்பா. ஆனா ஒரு துணுக்குப் பஞ்சு எடுக்கலை. பிளாஸ்டர் எடுக்கலை. பதிவேட்டுல எழுதலைங்கறது இருக்கட்டும், தரையில விழுந்ததைக் காலால தேய்ச்சு அழிக்கக்கூட இல்ல. ரகசியமா வந்தவன் தன் ரத்தத்தை அப்படியே விட்டுட்டுப் போவானா?"

"அவசரத்துல கவனிச்சிருக்க மாட்டான்" என்றான் பஞ்சர்.

"நீ டயர் கழட்டும்போது விரல் நசுங்கினா எவ்வளவு அவசரத்துல கவனிக்காம இருப்ப?"

"தெருவே கவனிக்கும் டீச்சர், நான் கத்தற கத்துல."

"அதான். இந்த ஆளுக்கு அடிபட்டதே தெரியலை." டீச்சர் அதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். அப்படியும் ஒருவர் நடமாட முடியும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "சிஸ்டர், ஈயம் ஏறினா உடம்புல என்ன ஆகும்?"

"வயித்து வலி வரும், தூக்கம் போகும், மணிக்கட்டு தொய்ஞ்சுடும். சிலருக்கு விரல்..." நர்ஸ் நிறுத்தினாள். "சிலருக்கு விரல் மரத்துப் போயிடும்."

"உங்க லிஸ்ட்ல அப்படி எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"பஞ்சு டப்பாவுக்குள்ள இருக்குன்னு அந்த நாலு பேர்ல யாருக்குத் தெரியும்?"

தெருவில் ஒரு தண்ணீர் லாரி நின்று, குழாய் போட்டு, தண்ணீர் விட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. நர்ஸ் பிளாஸ்டரை எடுத்து மறுபடி சுருட்டினாள். சுருட்டி முடித்து அதன் முனையை மடித்தாள்.

"ஒருத்தருக்குத் தெரியும். எனக்கு ஏதாவது ஆனா எடுத்துக் குடுக்கணும்னு ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லி வெச்சேன்."

"யாரு?"

"எங்க அண்ணன்."

அண்ணன் அதே ஃபேக்டரியில் உலை அடியில் வேலை பார்ப்பவர். பதினெட்டு வருட வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். ஐந்து மணிக்கு அவர்கள் போனபோது முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கட்டை விரலில் துணிக்கட்டு. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன, யாரோ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போன மாதிரி.

"நல்லாக் கேளுங்க உங்க அண்ணனை" என்றாள் அண்ணி, வந்தவர்களுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "நேத்து சட்டையெல்லாம் ரத்தமா வந்து நிக்கறார். எங்க கிழிச்சுக்கிட்டீங்கன்னா எனக்கே தெரியலைங்கறார். நான் காட்டினப்பறம்தான் பாத்தார்."

நர்ஸ் உட்காரவில்லை. "அண்ணா, நேத்து மதியம் என் ரூமுக்கு வந்தியா?"

அண்ணன் டீச்சரைப் பார்த்தார். வாசலில் நின்ற பஞ்சரைப் பார்த்தார். மறுக்கலாமா என்று யோசித்தது தெரிந்தது. அதற்கும் அவருக்குத் தெம்பு இல்லை போலிருந்தது.

"வந்தேன்."

"நீதான் உடைச்சியா?"

"நான்தான்."

அண்ணி டம்ளர்களோடு உள்ளேயிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"போன வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டான்" என்றார் அண்ணன். "யாரோ ரத்தம் எடுத்து லிஸ்ட் போடறாங்களாமே, உன் தங்கச்சிதானேன்னான். லிஸ்ட் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு, உன்னை உலையிலேர்ந்து எடுத்துக் கேட்டுல வாட்ச்மேனாப் போடறேன்னான். கேட்டுல நாற்காலி இருக்கு. வெளிக்காத்து வரும். நேத்து சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்னான்."

"சரி."

"சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "சொல்றது என்ன, எடுத்துட்டே போயிடலாம்னு வந்தேன். நீ சாப்பிடப் போற நேரம் தெரியும். டப்பாவைத் திறந்தேன், எடுத்தேன், கதவு வரைக்கும் வந்துட்டேன். அங்க நின்னேன். உன்கிட்ட அந்த ஆளுங்களைக் கூட்டிட்டு வந்ததே நான்தானே? என் தங்கச்சிதான், பயப்படாம கையை நீட்டுன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் நான்தானே சொன்னேன்? திரும்ப வெச்சுட்டுப் போயிடலாம்னு பாத்தேன். வெச்சா நாளைக்கு மறுபடி வந்து எடுப்பேன்னு தெரிஞ்சுது. என்னை நம்ப முடியலை. அதான் மேஜையில வெச்சு அமுக்கினேன். உடைஞ்சுது. டப்பாவுலயே போட்டுட்டு வந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணா."

"என்னன்னு சொல்றது? உன்னைக் காட்டிக் குடுக்க வந்தேன், பாதி வழியில நின்னுட்டேன்னா?"

"சாயங்காலம் சூப்பர்வைசர்கிட்ட என்ன சொன்னீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் கிடையாதுன்னேன். அவன் நம்பலை."

"அதனாலதான் இன்னிக்கு அவரே தேட ஆரம்பிச்சுட்டார். சார், ஒண்ணு சொல்லணும். உடைச்சதால உள்ள இருக்கறது அழியலை. இவங்க அதை செல் கடையில குடுத்திருந்தாங்க. இன்னிக்குக் காலைல இருபது நிமிஷம் நாங்க லேட்டாப் போயிருந்தா எல்லாப் பேரும் சூப்பர்வைசர் கையில."

அப்போதுதான் முதல்முறையாக அண்ணன் முகத்தில் ஏதோ அசைந்தது. "அழியலையா?"

"அழியலை. எங்ககிட்ட இருக்கு."

"அப்ப நான் செஞ்சதுக்கு..."

"நீங்க உடைக்கலைன்னா நேத்தே போயிருக்கும். ஒரு நாள் கிடைச்சுது. அது போதுமா இருந்துச்சு."

நர்ஸ் அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். துணிக்கட்டை அவிழ்த்தாள். காயம் எலும்புக்குப் பக்கம் வரை போயிருந்தது. பையிலிருந்து மருந்தை எடுத்துச் சுத்தம் செய்தாள். மருந்து பட்டால் எரியும். அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. புதுக்கட்டு போட்டு முடித்ததும், "நாளன்னிக்குக் கட்டை மாத்தணும், நனைக்காத" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை, பஞ்சரின் மச்சான் வீட்டில். மச்சான் டிவி மெக்கானிக். அவரிடம் இருந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. அதற்காகத்தான் டீச்சர் அங்கே கூட்டிப்போனார். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மயிரிழை போன்ற நான்கு கம்பிகளை ஈயப்பற்று வைத்துச் சில்லோடு சேர்த்தார். பிறகு டீச்சர் சொன்னபடி எழுந்து வெளியே போய்விட்டார். பஞ்சரைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார்கள்.

"பரீட்சையில காப்பியடிச்சப்பகூட இப்படி உக்கார வெச்சதில்ல" என்றான் பஞ்சர் சுவரிடம்.

திரை கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது. அறுபத்திரண்டு வரிகளும் இருந்தன. முதல் வரி அண்ணன், எழுபத்தெட்டு. நர்ஸ் அதைப் பார்த்தபடி ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர்களுக்குப் பேர் எதுக்கு?" என்றார் டீச்சர். "பிரிவும் ஈய அளவும் மட்டும் தனியா எடுங்க. அதை அச்சடிச்சுக் குடுங்க. பேர் இருக்கறதை வேற பென் டிரைவ்ல போட்டு, பாஸ்வேர்டு வைங்க. எப்படின்னு நான் சொல்றேன், என்ன வார்த்தைன்னு என்கிட்டயும் சொல்லாதீங்க."

அவள் வைத்தாள். மச்சானின் கம்ப்யூட்டரில் எதுவும் தங்கவில்லை என்று டீச்சர் இரண்டு முறை சரிபார்த்தார். பழைய சில்லைப் பஞ்சர் சுத்தியலால் தூளாக்கினான். தூளைப் பார்த்து மச்சான், "ஒட்டினதுக்கு நல்ல மரியாதை" என்றார்.

அன்று மாலை அண்ணன் வீடு வீடாகப் போனார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாள் பத்து மணிக்கு டாக்டர்கள் வந்தார்கள். உலைக்கூடத்தின் நடுவே நின்று நர்ஸ் அந்தத் தாளைத் தலைமை டாக்டர் கையில் கொடுத்தாள். அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது வெறும் நம்பர் டாக்டர். யார் வேணும்னாலும் டைப் அடிக்கலாம். இந்த நம்பருக்கெல்லாம் ஆள் எங்க?"

"பேர் இருக்கா சிஸ்டர்?" என்றார் டாக்டர்.

"இருக்கு டாக்டர். தர மாட்டேன்."

"அப்ப நான் இதை எப்படி எடுத்துக்கறது?"

உலைப் பக்கமிருந்து அண்ணன் நடந்து வந்தார். முகமூடியைக் கழற்றினார். "முதல் நம்பர் நான்தாங்க. எழுபத்தெட்டு. இங்கயே எடுத்துப் பாருங்க" என்று வலது கையை நீட்டினார். முழங்கை நேராக நின்றது. மணிக்கட்டு மட்டும் தொய்ந்து கீழே தொங்கியது.

கூடத்தில் வேறு யாரும் நகரவில்லை. பேட்டரி உடைப்பவர்கள் உடைத்துக்கொண்டும், வண்டி தள்ளுபவர்கள் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள். யாரும் தலையை நிமிர்த்தக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று முதல் நாள் மாலை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர்கள் வண்டியில் ஒரு சின்னக் கருவி இருந்தது. கால் மணி நேரத்தில் அது தன் அளவின் கடைசிக் கோட்டைத் தொட்டுவிட்டு, 'அதற்கு மேல்' என்று மட்டும் காட்டியது. தலைமை டாக்டர் அதை மேனேஜரிடம் காட்டவில்லை. தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார். "பேர் எனக்கு வேண்டாம். இப்பலேர்ந்து இங்க இருக்கற ஒவ்வொருத்தருக்கும் நாங்களே எடுக்கறோம், ஆபீஸ் ஆளுங்க உள்பட. சிஸ்டர், உங்க ரூமைத் திறங்க."

அவர் முதுகைத் திருப்பியதும் சூப்பர்வைசர் அண்ணன் பக்கத்தில் வந்தார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். "டோக்கனை வெச்சுட்டுக் கிளம்பு" என்றார் மெதுவாக.

அண்ணன் சட்டையில் குத்தியிருந்த ஆள் நம்பர் டோக்கனைக் கழற்றி வைத்தார்.

கேட்டுக்கு வெளியே பஞ்சரின் பழைய காரில் டீச்சர் காத்திருந்தார். அண்ணன் ரோட்டைத் தாண்டி வந்து கார்ப் பக்கத்தில் நின்றார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அவ என் பின்னாலயே வர்றாளா?"

டீச்சர் கேட்டின் கம்பிகள் வழியே பார்த்தார். முதலுதவி அறை வாசலில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்க ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே வெள்ளைச் சீருடை குனிந்து ஒரு கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தது.

"இல்ல. உள்ளேதான் இருக்காங்க."

"நல்லது" என்றார் அண்ணன்.

கதவை இழுத்துச் சாத்த அவருக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. பஞ்சர் காரைக் கிளப்பினான்.

"வீட்டுக்குத்தானேண்ணே?"

"இல்லப்பா. ஆஸ்பத்திரிக்கு விடு. அவ போகச் சொல்லி நாலு மாசம் ஆச்சு."